தொகுத்தவர் பெயர் தெரியவில்லை

உளுந்தூர்பேட்டையைத் தெரியாதவர்கள் தமிழ்நாட்டில் மிகக் குறைவு. உளுந்தூர்பேட்டையைப் பார்த்தவர்கள் அதைவிடக் குறைவு. சென்னையிலிருந்து திருச்சிக்கோ மதுரைக்கோ சாலை வழியாகப் போகிறவர்கள் எங்கள் ஊரைத் தொட்டுக்கொண்டுதான் போகவேண்டும். கள்ளக்குறிச்சி வழியாகச் சேலத்துக்குப் போகும் சாலையும் இங்கேதான் கிளை பிரிகிறது. ஆனால் பஸ் இங்கே வந்து சேரும் நேரம் பெரும்பாலும் நடுநிசி. பிரயாணி பாதித் தூக்கத்தில் கண்ணைத் திறந்து, "எந்த ஊர்?" என்று கேட்பார். பக்கத்து ஆசனத்துக்காரர், "உளுந்தூர்பேட்டை" என்பார். "அப்படியானால் இன்னும் பாதி ராத்திரி பாக்கி" என்று சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்துக்கொள்வார். எங்கள் ஊருக்கும் உலகத்துக்கும் உள்ள சம்பந்தம் இவ்வளவுதான்.

ஊர் கண்ணில் படவில்லையே தவிர, காதில் விழாமல் இருந்ததில்லை. சாலையோரத்துச் சாப்பாட்டுக் கடைகளில், நடுநிசி என்றும் பாராமல், ஒலிபெருக்கி பாடிக்கொண்டே இருக்கும். டி. எம். சௌந்தரராஜனும் சுசீலாவும் கொத்துப் பரோட்டாச் சத்தத்தோடு போட்டி போடுவார்கள். அந்தப் பாட்டுகளை யார் பொறுக்கி எடுத்தார்கள், யார் அடுக்கினார்கள் என்று எந்தப் பிரயாணியும் கேட்டதில்லை. ஆனால் யாரோ ஒருவர் பொறுக்கித்தான் இருக்கவேண்டும். யாரோ ஒருவர் அடுக்கித்தான் இருக்கவேண்டும். அந்த 'யாரோ ஒருவரை'ப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

1980-களின் கடைசியில் எங்கள் ஊர்ப் பஸ் நிலையத்துக்கு அருகில் ஆறடி அகலத்தில் ஒரு கடை இருந்தது. உள்ளே இரண்டு டேப் ரிக்கார்டர்கள், ஒரு பிளேட்டு சுழலும் பெட்டி, சுவர் முழுவதும் இசைத்தட்டுகள். வாசலில், 'விரும்பிய பாடல்கள் பதிவு செய்து தரப்படும்' என்று ஒரு பலகை. கடைக்காரரை ஊரார் எல்லோரும் 'ரெக்கார்டிங் அண்ணன்' என்று அழைத்தோம். என்னைப்போல் பள்ளிக்கூடம் போகிற பையன்களுக்கும் அண்ணன். எழுபது வயதுக் கிழவருக்கும் அண்ணன்தான்.

சட்டம் தெரிந்த வாசகர்கள் இந்த இடத்தில் புருவத்தை உயர்த்துவார்கள். கம்பெனிக்காரர்களின் பாட்டை இப்படிப் பிரதி எடுத்து விற்பது சட்டப்படி செல்லாது என்பது வாஸ்தவம். அந்த வழக்கை இங்கே நான் விசாரிக்கப் போவதில்லை. அந்தக் காலத்தில் தமிழ்நாட்டின் ஒவ்வொரு சின்ன ஊரிலும் இப்படி ஒரு கடை இருந்தது என்பதை மட்டும் சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

கேசட் என்ற சாதனத்தை பிலிப்ஸ் கம்பெனி 1963-ல் வெளியிட்டது. நம் பக்கத்துச் சிற்றூர்களில் அது வீட்டுக்கு வீடு நுழைந்தது எண்பதுகளில். அறுபது நிமிஷ கேசட் ஒன்றை வாங்கிக்கொண்டு, ஒரு தாளில் பாட்டுகளின் பட்டியலை எழுதி அண்ணனிடம் கொடுத்தால், மூன்றாம் நாள் கேசட் தயாராக இருக்கும். பக்கத்துக்கு முப்பது நிமிஷம். பழைய பாட்டு என்றால், இடைவெளியும் சேர்த்து, மூன்றரை நிமிஷம் என்று கணக்கு. ஒரு பக்கத்தில் எட்டு. இரண்டு பக்கமும் சேர்த்துப் பதினாறு. ஒவ்வொரு பக்கத்திலும் ஒன்றரை, இரண்டு நிமிஷம் மிஞ்சும். மற்ற ஊர்க் கடைகளில் அந்த மிச்சத்தில் இன்னொரு பாட்டைத் திணித்து, பல்லவி முடிவதற்குள் நாடா தீர்ந்துபோகும்படி செய்வார்கள். அண்ணன் அதைச் செய்யமாட்டார். "பாதியிலே பாட்டை நிறுத்தறது, சாப்பிடறவன் இலையை இழுக்கிற மாதிரி, தம்பி" என்பார். மிச்சத்தை வெறுமனே ஓடவிடுவார். அந்த வெறும் இரைச்சல்கூட எங்களுக்குப் பழகிப்போயிருந்தது.

அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. வாடிக்கைக்காரர் பட்டியலை நீட்டியதும் அதை வாங்கிப் பார்க்கமாட்டார். "எந்த நேரத்துக்கு?" என்று கேட்பார். புதிதாக வருகிறவர்களுக்கு இந்தக் கேள்வி விளங்காது. பாட்டுக்கு நேரமாவது காலமாவது என்று விழிப்பார்கள். டீக்கடைக்காரருக்கு விடியற்காலை நாலு மணிக்குப் போட ஒரு கேசட் வேண்டும். மைக் செட் காரருக்குக் கல்யாண வீட்டில் மாப்பிள்ளை அழைப்புக்கு ஒன்று, மறுநாள் பந்தி நடக்கும்போது ஒன்று. லாரி டிரைவர்களுக்கு ராத்திரிக்கு. நேரம் தெரிந்தால்தான் அண்ணனால் அடுக்க முடியும்.

லாரிக்காரர்களுக்கு அவர் அடுக்கித் தருகிற முறையே தனி. "ராத்திரி ரெண்டு மணிக்கு மேலே பி. பி. ஸ்ரீநிவாஸ் பாட்டு கூடாது அண்ணே. அந்தக் குரல் தாலாட்டும், வண்டி புளியமரத்துக்குப் போயிடும்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுவார். டிரைவர் ஸ்ரீநிவாஸின் பரம ரசிகராக இருந்தாலும் மன்றாடிப் பயனில்லை. முதல் பக்கத்தில் இரண்டு கொடுப்பார், அதற்கு மேல் தரமாட்டார். சுசீலாவின் சோகப் பாட்டு ஒன்று வந்தால், உடனே எல். ஆர். ஈஸ்வரியின் குரல் வந்து தூக்கத்தைக் கலைக்கும். சீர்காழி கோவிந்தராஜன் ஓங்கிய குரலில் பாடும் பாட்டை நாடா முடிகிற இடத்தில் வைப்பார். "பக்கம் மாத்தறதுக்குக் கை நீட்டணுமில்லே? அப்போ முழிப்பா இருக்கணும்."

சேலம் சாலையில் லாரி ஓட்டிய என் அத்தையின் கணவருக்கும் அண்ணன் அப்படி ஒரு கேசட் அடுக்கிக் கொடுத்தார். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

கம்பெனிகளும் தொகுப்புகளைப் போட்டார்கள். ஒரு பாடகரின் புகழ்பெற்ற பாட்டுகளைப் பன்னிரண்டோ பதினாலோ சேர்த்து, அட்டையில் அவர் படத்தை அச்சடித்து விற்றார்கள். இந்தப் பழக்கத்தின் பூர்வோத்தரம் அமெரிக்காவில் இருக்கிறது. ஜானி மாதிஸ் என்ற பாடகருக்கு 1958-ல் புதுப்பாட்டுகள் கைவசம் இல்லாத சமயத்தில், பழைய பாட்டுகளையே சேர்த்து 'ஜானியின் மகத்தான வெற்றிகள்' என்று ஒரு இசைத்தட்டு போட்டார்கள். அது அந்த நாட்டு விற்பனைப் பட்டியலில் 490 வாரங்கள் இருந்தது. அதாவது ஒன்பது வருஷத்துக்கு மேல்! அதற்குப் பிறகு எந்தக் கம்பெனி சும்மா இருக்கும்?

என் சித்தப்பா மகன் டெட்ராய்ட் நகரத்தில் மோட்டார்க் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறான். ஒரு விடுமுறைக்கு வந்தபோது அந்த ஊர்க் குழுக்களின் தொகுப்புகள் சிலவற்றை எனக்குக் கொண்டுவந்தான். அந்த ஊரில் மோட்டார்த் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டிருந்த பெரி கோர்டி என்ற கறுப்பின இளைஞர், வேலையை விட்டுவிட்டு, குடும்பத்தாரிடம் 800 டாலர் கடன் வாங்கி 1959-ல் ஓர் இசைத்தட்டு ஸ்தாபனம் தொடங்கினார். மோட்டார் ஊர் என்பதைச் சுருக்கி 'மோட்டவுன்' என்று பெயர். சாதாரணமான ஒரு வீடுதான் ஸ்டூடியோ. மாதா கோயில்களில் கறுப்பின மக்கள் ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் ஏற்றுப் பாடும் பஜனை முறையை அப்படியே காதல் பாட்டுக்கு மாற்றினார்கள். அந்தச் சங்கீதத்துக்கு 'சோல்' என்று பெயர். நம் பாஷையில் ஆன்மா. டெம்ப்டேஷன்ஸ், ஃபோர் டாப்ஸ், சுப்ரீம்ஸ் என்று குழுக்கள் குழுக்களாகப் புறப்பட்டன. டெம்ப்டேஷன்ஸின் தொகுப்பு 1966-லும் சுப்ரீம்ஸின் தொகுப்பு 1967-லும் வந்தன. பல குழுக்களின் பாட்டுகளைப் பதினாறு பதினாறாகச் சேர்த்தும் மோட்டவுன் ஒரு வரிசை போட்டது. பதினாறு! எங்கள் அண்ணனின் கணக்குக்கு அங்கேயும் மதிப்பு இருந்திருக்கிறது.

எனக்கு இங்கிலீஷ் பாட்டில் பாதி வார்த்தை புரிவதில்லை. ஆனால் ஃபோர் டாப்ஸ் பாட்டைக் கேட்டபோது புரிய வேண்டியது புரிந்தது. எங்கள் பக்கத்துத் தெருக்கூத்தில் ராஜா வேஷக்காரர் தொண்டை கிழியப் பாடி ஓர் அடியை முடிப்பார். உடனே பின்னால் பெஞ்சியில் உட்கார்ந்திருக்கும் பின்பாட்டுக்காரர்கள் அந்த அடியை வாங்கித் தூக்கி நிறுத்துவார்கள். அதே சங்கதிதான். முன்பாட்டுக்காரர் துன்பத்தைச் சொல்கிறார்; பின்பாட்டுக்காரர்கள், 'நாங்கள் இருக்கிறோம், சொல்லு' என்கிறார்கள். பின்பாட்டை எடுத்துவிட்டால், கூத்து விடிகிற வரைக்கும் நிற்காது.

தம்பி இன்னொரு விஷயமும் சொன்னான். அதைக் கேட்ட பிறகு அந்தத் தொகுப்புகளை நான் வேறு காதால் கேட்கிறேன். ஃபோர் டாப்ஸ் என்றால் நான்கு ஆண்கள். 1950-களிலிருந்து 1997-ல் ஒருவர் இறக்கும் வரையில் அதே நால்வர். ஆள் மாறவே இல்லை. ஆனால் அவர்களுடைய புகழ்பெற்ற பாட்டுகளில் பெண் குரல்கள் கேட்கின்றன. அவை ஆண்டான்டிஸ் என்ற மூன்று பெண்களுடையவை. ஜாக்கி ஹிக்ஸ், மார்லின் பாரோ, லூவேன் டெம்ப்ஸ். மோட்டவுன் பாட்டுகள் எத்தனையோவற்றில் இவர்கள்தாம் பின்பாட்டு. ஆனால் இசைத்தட்டில் பெயர் இராது. 1968-ல் சுப்ரீம்ஸ் பெயரில் முதலிடத்துக்கு வந்த 'லவ் சைல்டு' என்ற பாட்டில், டயானா ராஸைத் தவிர சுப்ரீம்ஸ் யாரும் பாடவே இல்லை. உடன் பாடியவர்கள் ஆண்டான்டிஸ்! அந்தக் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஃபிளாரன்ஸ் பாலர்டின் கதை இன்னும் மோசம். 'மகத்தான வெற்றிகள்' வெளிவந்த அதே 1967-ல் அவர் குழுவைவிட்டு விலக்கப்பட்டார். பிறகு வறுமையைக் கண்டு, 1976-ல் தம் 32-ஆவது வயதில் காலமானார். தொகுப்பு இன்னும் விற்றுக்கொண்டிருக்கிறது.

இதைக் கேட்டு, 'அமெரிக்காவில் இப்படியெல்லாம் அநியாயம் நடந்திருக்கிறதே' என்று நாம் பெருமூச்சு விடவேண்டியதில்லை. நம் வீட்டுத் தொகுப்பின் அட்டையையும் திருப்பிப் பார்க்கலாம். தமிழ்ப் படப் பாட்டுகளில் பெண்கள் பூப்பறிக்கும்போதும், நாற்று நடும்போதும், கல்யாணப் பெண்ணைக் கேலி செய்யும்போதும் பின்னால் ஒரு கூட்டம் பாடுகிறதே, அவர்கள் யார்? 'கோரஸ்' என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவார்கள். பல சமயம் அந்த ஒரு வார்த்தையும் இராது. எல். ஆர். ஈஸ்வரி அந்தக் கூட்டத்திலிருந்து வந்தவர். அவருடைய தாயார் கோரஸ் பாடகி. 1954-ல் வந்த 'மனோகரா' படத்தில் ஈஸ்வரியும் கூட்டத்தோடு நின்று பாடினார். 1958-ல் 'நல்ல இடத்து சம்பந்தம்' படத்தில் கே. வி. மகாதேவன் தனிப்பாட்டுக் கொடுத்தார். 1961-ல் 'பாசமலர்' வந்த பிறகுதான் ஊருக்குப் பெயர் தெரிந்தது. கூட்டத்திலிருந்து ஒருவர் ஓர் அடி முன்னால் வந்து நின்றார். அதனால் நமக்கு அவரைத் தெரிகிறது. அன்று அவருக்கு இடது பக்கமும் வலது பக்கமும் நின்றவர்கள் யார்?

பெரிய பாடகர்களே கூட்டமாகப் பாடினாலும் தொகுப்புக்காரர்களுக்குச் சங்கடம்தான். 1964-ல் வந்த 'கர்ணன்' படத்தில், கர்ணனுடைய கொடையைப் புகழ்ந்து நால்வர் பாடும் பாட்டு ஒன்று உண்டு. சீர்காழி கோவிந்தராஜன், திருச்சி லோகநாதன், டி. எம். சௌந்தரராஜன், பி. பி. ஸ்ரீநிவாஸ் ஆகிய நான்கு பேரும் ஆளுக்கு ஓர் அடி எடுத்துக்கொண்டு பாடுவார்கள். விசுவநாதன்–ராமமூர்த்தி இரட்டையர் இசை. நம் ஊர் ஃபோர் டாப்ஸ் என்று சொன்னால் தப்பில்லை. அந்த நால்வரில் இப்போது ஒருவரும் இல்லை. சீர்காழி 1988-லும் லோகநாதன் 1989-லும் போனார்கள். ஸ்ரீநிவாஸும் சௌந்தரராஜனும் 2013-ல் ஆறு வார இடைவெளியில் ஒருவர்பின் ஒருவராகப் போனார்கள். சரி, இந்தப் பாட்டை எந்தத் தொகுப்பில் சேர்ப்பது? டி. எம். எஸ். தொகுப்பிலா, சீர்காழி தொகுப்பிலா? ஆளுக்கு ஒரு தொகுப்பு என்று போட ஆரம்பித்தால், நாலு பேருடைய பாட்டு யாருடையதும் இல்லாமல் போய்விடும்.

பள்ளி நாட்களில் ஒருநாள் அண்ணனிடம் இதையே கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டு அலமாரியிலிருந்து ஒரு கேசட்டை எடுத்து நீட்டினார். அட்டையில் தம் குண்டு எழுத்தில், 'கூட்டமாய்ப் பாடியவை' என்று எழுதியிருந்தார். விற்பனைக்கு அல்ல, தமக்கென்று பதிந்து வைத்துக்கொண்டது. கர்ணன் பாட்டு அதில் இருந்தது. தனிப் பாடகர் முணுமுணுத்துவிட்டு நகர்ந்துகொள்ள, பெண்கள் கூட்டம் முழுப் பாட்டையும் தூக்கிச் சுமந்த பாட்டுகளும் இருந்தன. பிற்பாடு கவனித்தேன். அவர் எழுதிக் கொடுத்த ஒவ்வொரு கேசட் அட்டையிலும், பாடகர் பெயருக்குப் பக்கத்தில், இடம் போதாவிட்டாலும் பொடி எழுத்திலாவது, 'கூடப் பாடியவர்கள்' என்று ஒரு சொல் இருக்கும்.

"பேரு தெரியாதவங்களை எதுக்கு அண்ணே எழுதறீங்க?" என்று கேட்டேன்.

"பேரு தெரியலேன்னா ஆளே இல்லேன்னு ஆயிடுமா, தம்பி?" என்றார்.

இந்தப் பதிலை நான் எத்தனையோ புஸ்தகங்களில் தேடியிருக்கிறேன். கடைசியில் எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே அகப்பட்டது. உளுந்தூர்பேட்டை வட்டத்தில்தான் திருநாவலூர் இருக்கிறது. சுந்தரமூர்த்தி நாயனார் அவதரித்த ஊர். தாயார் பெயர் இசைஞானியார் என்றால் பிள்ளை எப்படிப் பாடாமல் இருக்கும்? சுந்தரர் திருவாரூரில் பாடிய 'திருத்தொண்டத்தொகை' தமிழின் மிக முக்கியமான பெயர்ப்பட்டியல்களில் ஒன்று. சேக்கிழாரின் பெரியபுராணம் என்ற பெரிய கோபுரத்துக்கு அதுதான் அஸ்திவாரம். அறுபது அடியார்களின் பெயர்களை அதில் அவர் தனித்தனியே சொல்கிறார். பிற்காலத்தில் சுந்தரரையும் அவர் தாய் தந்தையரையும் சேர்த்து அறுபத்துமூவர் என்று வைத்தார்கள்.

அதோடு அவர் நிறுத்தியிருந்தால் அது வெறும் 'மகத்தான வெற்றிகள்' ஆகியிருக்கும். சுந்தரர் நிறுத்தவில்லை. பெயர் சொல்லாமல், கூட்டம் கூட்டமாக ஒன்பது தொகையடியார்களையும் சேர்த்தார். அந்த ஒன்பதில் ஒரு கூட்டத்துக்குப் பெயர் 'பரமனையே பாடுவார்'. யார் அவர்கள்? எத்தனை பேர்? எந்த ஊர்? தெரியாது. பாடியவர்கள்; அவ்வளவுதான். கோயிலில் ஒருவர் எடுத்துக்கொடுக்க ஏற்றுப் பாடிய கூட்டமாகத்தான் நான் அவர்களை நினைத்துக்கொள்கிறேன். இன்னொரு கூட்டம் 'அப்பாலும் அடிச்சார்ந்தார்'. நம் நாட்டு எல்லைக்கும் காலத்து எல்லைக்கும் அப்பால் உள்ளவர்கள் என்று உரைகாரர்கள் சொல்வார்கள். பட்டியலில் விட்டுப்போனவர்களுக்கென்றே பட்டியலில் ஓர் இடம் போட்டு வைத்த மகானுபாவர் எங்கள் பக்கத்து ஊர்க்காரர் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

தொகுப்பது நமக்குப் புதிய வித்தையும் அல்ல. சங்கப் பாட்டுகளில் நமக்குக் கிடைத்திருப்பவை தொகுப்புகளாகத்தான் கிடைத்தன. எட்டுத்தொகை என்ற பெயரிலேயே தொகை இருக்கிறது. நாலு முதல் எட்டு அடி வரை உள்ளவை குறுந்தொகை. ஒன்பது முதல் பன்னிரண்டு வரை நற்றிணை. பதின்மூன்று முதல் முப்பத்தொன்று வரை அகநானூறு. ஏறக்குறைய இது நாடாவில் எத்தனை நிமிஷம் என்று அண்ணன் போட்ட கணக்குத்தான். அகநானூற்றைத் தொகுத்தவர் ஒருபடி மேலே போனார். ஒற்றைப்படை எண் எல்லாம் பாலை, இரண்டும் எட்டும் குறிஞ்சி, நாலு முல்லை, ஆறு மருதம், பத்து நெய்தல். நானூறு பாட்டும் இந்த ஒழுங்கில்தான் வருகின்றன. பிரிவைச் சொல்லும் பாலைப் பாட்டு ஒன்று விட்டு ஒன்று வந்துகொண்டே இருக்கும். இடையில் ஒரு சந்திப்பு, ஒரு காத்திருப்பு, ஓர் ஊடல். வரிசையே ஒரு கதை சொல்கிறது. பாடிய புலவர்கள் ஒருவரும் அந்தக் கதையை எழுதவில்லை. தொகுத்தவர் எழுதினார்.

அகநானூற்றைத் தொகுத்தவர் உருத்திரசன்மர் என்று தெரிகிறது. குறுந்தொகைக்குப் பூரிக்கோ என்று ஒரு பெயர் இருக்கிறது; பெயருக்கு மேல் ஒன்றும் இல்லை. புறநானூற்றுக்கு அதுவும் கிடையாது. பாடப் புத்தகங்களில் 'தொகுத்தவர் பெயர் தெரியவில்லை' என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். பரீட்சைக்கு அதையும் நாங்கள் மனப்பாடம் செய்தோம். அந்த ஒரு வரிக்குப் பின்னால், ஆயிரக்கணக்கான ஓலைகளைப் பரப்பி வைத்துக்கொண்டு, 'இது இருக்கட்டும், இது போகட்டும்' என்று ராத்திரி விளக்கில் பொறுக்கிய ஒரு மனிதர் உட்கார்ந்திருக்கிறார். அவர் 'போகட்டும்' என்று ஒதுக்கியவற்றை இனி எந்தக் காலத்திலும் நாம் பார்க்கப்போவதில்லை. தொகுக்கிறவன் கையில் இவ்வளவு அதிகாரம் இருக்கிறது. அந்த அதிகாரத்தை விற்பனை ஒன்றையே கணக்கிட்டு உபயோகிப்பவனுக்கும், 'எந்த நேரத்துக்கு?' என்று கேட்டு உபயோகிப்பவனுக்கும் உள்ள வித்தியாசம் பெரிது.

இப்போது அத்தையின் கேசட்டுக்கு வருகிறேன்.

மாமா 1991-ல் ஒரு விபத்தில் காலமானார். லாரியிலிருந்து எடுத்துக் கொடுத்த சாமான்களில் ஒரு துண்டு, ஒரு டிபன் கேரியர், அண்ணன் அடுக்கிக் கொடுத்த அந்தக் கேசட். அத்தைக்கு அப்போது முப்பது வயது. வருஷம் திரும்புகிற வரைக்கும் அந்தக் கேசட்டை யாரும் போடவில்லை. திதி முடிந்த மறுநாள் அத்தையே எடுத்துப் போட்டாள். அதற்குப் பிறகு சாயங்காலம் விளக்கேற்றியதும் ஒரு பக்கம் என்பது வழக்கமாயிற்று. பாட்டைக் கேட்டு அவள் அழுததை நாங்கள் பார்த்ததில்லை. ஒரு தடவை மட்டும் சொன்னாள்: "இந்தப் பாட்டு முடியறப்போ தியாகதுருகம் தாண்டியிருப்பாங்க. அடுத்த பாட்டுக்குக் கள்ளக்குறிச்சி வந்துடும்." அவளுக்கு அது பதினாறு பாட்டு அல்ல, சேலம் போகிற சாலை.

நாடாவுக்கு ஆயுசு உண்டு. பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் இழுக்க ஆரம்பித்தது. பிறகு ஒருநாள் அறுந்து, ஒட்டி, மறுபடியும் அறுந்தது. அதற்குள் காலமும் மாறிவிட்டது. சி. டி. வந்தது, செல்போன் வந்தது. அண்ணனின் கடை செல்போனுக்குப் பணம் ஏற்றும் கடையாகி, பிறகு அதுவும் போய் இன்று அங்கே ஒரு பழரசக் கடை இருக்கிறது. என் மகன் நல்ல மனசோடு பாட்டிக்கென்று ஒரு பென்டிரைவில் எண்ணூறு பழைய பாட்டுகளை ஏற்றி, அதைப் பாடவைக்கும் பெட்டியையும் வாங்கிக் கொடுத்தான். அத்தை இரண்டு நாள் கேட்டாள். மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டாள்.

"எல்லாப் பாட்டும் இருக்குது தம்பி. ஆனா ஒவ்வொண்ணுக்கும் அடுத்த பாட்டு தப்பா வருது."

இதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ள முடியாது என்பது கேசட் காலத்து வாசகர்களுக்குத் தெரியும். ஒரு பாட்டு முடிகிற அந்த அரை நிமிஷத்தில் காது அடுத்த பாட்டின் முதல் ஸ்வரத்தை ஏந்திக்கொண்டு காத்திருக்கும். வேறொன்று வந்தால், படி இருக்கிறது என்று நினைத்துக் காலை வைத்து வெற்று இடத்தில் விழுந்ததுபோல் இருக்கும். எண்ணூறு பாட்டு இருந்தென்ன, எட்டாயிரம் பாட்டு இருந்தென்ன? அடுக்கியவன் இல்லையே!

கேசட்டின் அட்டை எப்போதோ கிழிந்து காணாமல் போயிருந்தது. நான் ஒரு காகிதத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அத்தை கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஒரு தடவையும் தடுமாறவில்லை. முதல் பக்கத்தில் ஸ்ரீநிவாஸ் இரண்டே இரண்டு. இரண்டாம் பக்கத்தில் அவர் தனியாக வரவே இல்லை. அண்ணன் சட்டம்! இரண்டாம் பக்கத்து முதல் பாட்டு, கர்ணன் படத்தில் நால்வர் பாடிய பாட்டு. அந்த நால்வரில் ஒருவராக மட்டும் ஸ்ரீநிவாஸுக்கு அண்ணன் அனுமதி கொடுத்திருந்தார். ஒருவர் தாலாட்டினாலும் மற்ற மூவர் எழுப்பிவிடுவார்கள் என்று நினைத்தாரோ என்னவோ.

பதினாறையும் அதே வரிசையில் ஏற்றிக் கொடுத்தோம். அத்தை கேட்டுக்கொண்டே வந்தாள். எட்டாவது பாட்டு முடிந்தது. ஒன்பதாவது உடனே ஆரம்பித்துவிட்டது. "இரு, இரு. நிறுத்து. பக்கம் மாத்தற நேரம் விடணும்" என்றாள். என் மகன் என்னைப் பார்த்தான். பிறகு இரண்டு நிமிஷ மௌனத்தை ஒரு பாட்டாகப் பதிந்து, எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் சேர்த்துவிட்டான். இப்போது அத்தையின் தொகுப்பில் பதினேழு உருப்படிகள் இருக்கின்றன.

ரெக்கார்டிங் அண்ணனின் சொந்தப் பெயரை இந்தக் கட்டுரையில் எழுதவேண்டும் என்று ஆசைப்பட்டு, ஊரில் பழைய ஆட்கள் பத்துப் பேரை விசாரித்தேன். கடை இருந்த இடத்தை எல்லோரும் சரியாகக் காட்டினார்கள். அவர் போட்டுக்கொடுத்த பாட்டுகளைச் சொன்னார்கள். ஒருவர் மாப்பிள்ளை அழைப்புக் கேசட்டின் வரிசையை அப்படியே ஒப்பித்தார். பெயர் மட்டும் ஒருவருக்கும் தெரியவில்லை. அவர் காலமாகிச் சில வருஷங்கள் ஆகின்றன. குடும்பம் எங்கே போயிற்று என்பதும் தெரியவில்லை.

வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் வீட்டுப் பரணில், சூட்கேஸில், தையல் மிஷின் இழுப்பறையில் பழைய கேசட் ஒன்று கட்டாயம் இருக்கும். அது இனிமேல் பாடாது. பரவாயில்லை; பாட்டுகள் எங்கும் போய்விடவில்லை. ஆனால் தூக்கி எறிவதற்கு முன் அட்டையைப் பிரித்து, வரிசையைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். பாடகர் பெயரோடு, கூடப் பாடியவர்கள் என்பதையும் எழுதுங்கள். அடுக்கிக் கொடுத்தவரின் பெயர் உங்களில் யாருக்காவது ஞாபகம் இருந்தால், அதை இன்றைக்கே எழுதிவிடுங்கள்.